பெரியப்பாவின் முதுகு

பெரியப்பாவின் முகம் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. முதுகு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, தோள்பட்டைகளுக்கு நடுவில் வியர்வை நனைத்த ஒரு திட்டு, கழுத்தின் பின்பக்கம் இரண்டு மடிப்பு, இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு மரு. அந்த மருவை அவரே பார்த்திருக்க மாட்டார். நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர் பின்னால் நடந்தே வளர்ந்த குடும்பம் எங்களுடையது.

அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நல்ல குணங்களும் இருந்தன என்று ஊரில் சொல்வார்கள். கேட்டால் நானும் நாலைந்து சொல்வேன். ஆனால் ஒரு மனிதரை நினைத்ததும் எது முதலில் வந்து நிற்கிறதோ அதுதானே அவர். எனக்கு அந்த முதுகுதான் வந்து நிற்கிறது, கூடவே கோபமும் வருகிறது. அவர் போய் இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் கம்மியாகவில்லை.

வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்ற வீடுகளில் யாராவது மறந்துபோய்க் கூப்பிட்டுவிட்டால், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். எங்கள் வீட்டில் அது சட்டம். அவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். வீடு அவருடையது. கீழே அவரும் பெரியம்மாவும், மாடியில் நாங்கள் நான்கு பேர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் கீழும் மேலும் எல்லாமே நின்றுபோகும். அம்மா கரண்டியைச் சத்தமில்லாமல் வைப்பாள். பெரியம்மா தும்மல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். அவர் தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டிய பிறகுதான் எங்கள் வீட்டில் மூச்சு விடுவோம்.

இத்தனைக்கும் மனிதருக்கு மறதி ஜாஸ்தி. கண்ணாடி, சாவி, கைக்குட்டை என்று தினம் ஒன்றையாவது விட்டுவிட்டுப் போவார். கூப்பிடக் கூடாது. எனவே எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. குறுக்குச் சந்து வழியாக ஓடி, அவர் தெருமுனைக்கு வருவதற்குள் முன்னால் போய் நின்று, ஏதோ எதிரில் வருகிற மாதிரி நடந்து வந்து அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவரும் ஒன்றும் தெரியாதவர் போல வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். “எதிர்ல கொழந்த வருது, நல்ல சகுனம்,” என்று வேறு சொல்வார். அந்தக் குழந்தை மூச்சு வாங்க நிற்பது அவர் கண்ணில் படாது.

அந்த ஓட்டம் என் வேலையாக இருந்தது. செல்வி வளர்ந்த பிறகு அவள் பிடுங்கிக்கொண்டாள். செல்வி என் தங்கை, என்னைவிட நான்கு வயது சின்னவள். சந்தில் சாக்கடைப் பலகையை மிதிக்காமல் தாண்டிப் போவாள். நான் தெருமுனைக்குப் போகிற நேரத்தில் அவள் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியே வந்திருப்பாள். ஓடுவதென்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம். பெரியப்பா எதையாவது மறக்க வேண்டுமே என்று காத்துக்கொண்டிருப்பாள்.

அவர் இருந்த காலத்தில் ஒரே ஒரு முறை நான் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். மாவட்டம் பிரிந்து ஊருக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்த புதிது. செங்கம் ரோட்டில் அவர் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் ஐந்து வைத்திருந்தார். மேலே ஒரு மாடி எடுக்க அனுமதி வேண்டும். அதற்காகக் கிளம்பினார், அந்த மனுவையே மேஜை மேல் விட்டுவிட்டு. செல்வி பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல், ஓட முடியாது. “பெரியப்பா, பேப்பர்!” என்று வாய் தவறிக் கத்திவிட்டேன்.

அவர் நின்றார். திரும்பவில்லை. இறங்கிய படியிலேயே ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஏறி உள்ளே வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். சாயங்காலம் வந்து, அனுமதி தருகிற அதிகாரி அன்று காலைதான் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார். “எல்லாம் இவ வாயி,” என்று என்னைக் காட்டினார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கே அம்மா எல்லார் முன்னாலும் என் வாயிலேயே அடித்தாள். பல் பட்டு உதடு கிழிந்தது. அதிகாரி மாற்றலாவதற்கும் என் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. மாடி எடுக்க அனுமதி கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை.

சிரிக்கும்படியான கதையும் உண்டு. அவர் ஸ்கூட்டர் வாங்கிய பிறகு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பெட்ரோல் போட நிறுத்தியபோது பெரியம்மா இறங்கி நின்றாள். பெட்ரோல் போட்டதும் அவர் கிளம்பிவிட்டார். அவள் ஏறவில்லை. கல்யாண மண்டபம் வரைக்கும் பின்சீட்டோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார். பெரியம்மா பெட்ரோல் பங்கில் நின்றபடி அவர் முதுகு போவதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குப் போனால், வாசலில் நின்றுகொண்டு, “எங்க போய்ட்ட? ஒரு கொரல் குடுக்கறதுதானே?” என்று கேட்டிருக்கிறார். நாங்கள் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்த கதை இது. இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவர் அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது ஒரு கூடாரத்தை விட்டுவிட்டுப் போனார். நீல நிறத்தில், மடித்தால் தலையணை உறைக்குள் அடங்குகிற டென்ட். அது கைக்கு வந்ததிலிருந்து பெரியப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. “எங்கேர்ந்தோ வந்து அவன் நம்ம மலையில ஏறி டென்ட் போட்டுத் தங்கறான். அடிவாரத்துல பொறந்தவன், நாம கிரிவலத்தோட நிறுத்திக்கறோம்,” என்றார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு மலையேறி, உச்சி தொட்டு, ராத்திரி டென்ட்டில் தங்கி, ஞாயிறு இறங்குவது என்று முடிவு செய்தார். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். செல்வி நான்காவது. பத்து நாள் எங்களுக்குத் தூக்கமே இல்லை. அவர் மேல் எனக்குப் பிரியமே இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய். அந்தப் பத்து நாளும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். மலையே சாமி, அதனால் செருப்பு கிடையாது. அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, ஏறுவதற்கு முன் எங்கள் பக்கம் முகத்தைக் காட்டி அவர் பேசிய கடைசிப் பேச்சு இதுதான்:

“எல்லாரும் கேட்டுக்கங்க. இது சாதாரணப் பயணம் இல்ல. நான் முன்னாடி போறேன். உச்சிக்குப் போய் டென்ட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் பின்னாடியிருந்து கூப்பிடக் கூடாது. என்னன்னாலும் டென்ட்டுல பேசிக்கலாம்.”

சொல்லும்போது அவர் கண் என் மேல் இருந்தது. எனக்கு உதடு கூசியது.

பாதி மலையில், ஒரு சுனையைத் தாண்டி, கொஞ்சம் சமதளமான பாறை இருந்தது. அங்கே டென்ட்டைப் போட்டோம். அதாவது அப்பா போட்டார். எந்தக் குச்சி எந்த ஓட்டையில் போகும் என்று தெரியாமல் அவர் அல்லாட, பெரியப்பா மலையைப் பார்த்தபடி நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்ததும்தான் அது இரண்டு பேர் படுக்கிற டென்ட் என்று தெரிந்தது. “ஆறு பேரும் ஒருக்களிச்சுப் படுத்தா பத்தும்,” என்றார். பெரியம்மாவுக்கு முட்டி வலி. அவளை அரிசி மூட்டையோடும் பாத்திரங்களோடும் அங்கேயே உட்கார வைத்துவிட்டு மற்ற ஐந்து பேரும் மேலே போனோம்.

கார்த்திகைத் தீபம் முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கொப்பரை வைத்து எரித்த உச்சிப்பாறை முழுக்க நெய் ஊறி, கரி படிந்து, கறுப்பாக மினுமினுவென்று இருந்தது. வெயில் ஏற ஏற அந்த நெய் இளகியது. சுற்றி வந்து கும்பிட்டோம். ஐந்து பேருக்கும் உள்ளங்கால் மை பூசின மாதிரி ஆகிவிட்டது. நடந்தால் வழுக்கியது. அம்மா தன் புடவைத் தலைப்பை எடுத்துச் செல்வியின் காலைத் துடைக்கக் குனிந்தாள்.

“தொடைக்காதீங்க,” என்றார் பெரியப்பா, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. இதற்கு மட்டும் அவருக்கு முதுகில் கண் இருந்தது. “தீப மை அது. பிரசாதம். தானா காஞ்சிடும்.”

அம்மா தலைப்பைச் செருகிக்கொண்டாள். யாரும் துடைக்கவில்லை.

இறங்கும்போது முதலில் பெரியப்பா, அவரை ஒட்டி அப்பா, கொஞ்சம் இடைவெளி விட்டு அம்மா, பிறகு நான், கடைசியில் செல்வி. இரண்டு பக்கமும் எலுமிச்சைப் புல் இடுப்பளவுக்கு நின்றது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒரு பெரிய பாறையைச் சுற்றி வழி வளைகிற இடத்தில் எனக்குப் பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது. திரும்பினேன். செல்வியைக் காணோம்.

வழியை ஒட்டி இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குப் பிளவு. அதற்குள் விழுந்திருந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லிடுக்கில் மாட்டியிருந்தது. அவள் அழவில்லை. ஒன்பது வயசுக் குழந்தை, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். சத்தம் வெளியே வந்துவிடக் கூடாதே என்று பொத்திக்கொண்டிருந்தாள்.  

நான் வாயைத் திறந்தேன். பெரியப்பாவின் முதுகு பாறை வளைவில் இன்னும் தெரிந்தது. முப்பது அடி கூட இருக்காது. “பெரியப்பா, செல்வி விழுந்துட்டா.” மூன்றே வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. உதட்டில் பழைய அடியின் ருசி தெரிந்தது. விழுங்கிவிட்டேன்.

ஓடிப் போய் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அம்மா வந்து பார்த்தாள். “ஐயோ” என்றாள், அதையும் காற்றாகத்தான் சொன்னாள். பிளவுக்குள் இறங்கிக்கொண்டே, “போய் அப்பாகிட்ட சொல்லு. கூப்பிடாத. முன்னாடி போய்ச் சொல்லு,” என்றாள்.

முன்னால் போவதற்கு அங்கே குறுக்குச் சந்து ஏது? நான் விழுந்தடித்து ஓடி அப்பாவைப் பிடித்தேன். அவர் இடுப்பைத் தொட்டு, பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

“அப்பா, செல்வி கல்லு இடுக்குல விழுந்துட்டா. கால் மாட்டிக்கிச்சு.”

அப்பா நடந்துகொண்டே கேட்டார். “அம்மா கூட இருக்காளா?”

“இருக்காங்க.”

“அப்ப சரி. இதோ டென்ட் வந்துடும், அண்ணன் அங்க நிப்பாரு. சொல்லிட்டுப் போய்த் தூக்கிக்கலாம்.”

இதோ வந்துடும் என்றது ஒரு மணி நேர வழி. நான் புல்லுக்குள் இறங்கி அவர்களைத் தாண்டிப் போகப் பார்த்தேன். ஒரே ஓட்டமாகப் போய் அந்த மனிதருக்கு எதிரில் நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக, ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பது போல. டென்ட் வரைக்கும் விடவில்லை. நான் மூன்றாவது ஆளாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். சட்டையில் வியர்வைத் திட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. நடுவில் அவர் ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

டென்ட்டில் பெரியம்மா எங்களை எதிரில் பார்த்தாள். எதிரில் இருப்பவள் பேசலாம். “மத்தவங்கெல்லாம் எங்க?” என்று கேட்டாள். அப்போதுதான் அவர் திரும்பினார். அப்பா சொன்னார்.

பெரியப்பா அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“ஏன்டா, ஒரு கொரல் குடுக்கறதுதானே?”

எனக்கு வயது பதின்மூன்று. ஒரு மனிதரைக் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்பாவும் பெரியப்பாவும் மேலே ஏறினார்கள். பாதி வழியிலேயே எதிரில் அம்மா வந்துவிட்டாள். அவளோடு விறகு பொறுக்க வந்த அடி அண்ணாமலைக் கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர். விறகு கட்டும் துணியைக் கழியில் தூளியாகக் கட்டி, அதில் செல்வியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் விரல் நகங்கள் எல்லாம் பிய்ந்திருந்தன. அந்தக் கல்லை அவள் தனியாகக் கையால் நெம்பிப் பார்த்திருக்கிறாள். விறகுக்கு வந்தவர்கள் தற்செயலாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்து, கழியைக் கொடுத்து நெம்பிக் காலை எடுத்திருக்கிறார்கள்.

டென்ட் பக்கத்தில் தூளியை இறக்கியதும் அவர்களில் மூத்தவள் ஆண்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“இன்னாய்யா ஆளுங்க நீங்க? கொழந்த கல்லுல மாட்டிக்கினு கீது, இத்தினி பேர்ல ஒருத்தருக்குமா தொண்ட இல்ல? ஒரு கொரலு உட்டிருந்தா நாங்க அப்பவே வந்திருப்போமே. அந்தப் பாறைக்குப் பின்னாலதான் வெறகு பொறுக்கிக்கினு இருந்தோம்.”

 அப்பா டென்ட்டைப் பிரிக்கத் தொடங்கினார். கூடாரத்தில் ஒரு பொழுதும் ஒருவரும் படுக்காமலே எங்கள் மலைப்பயணம் முடிந்தது.

எலும்பு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. கால் வரவில்லை. வேலூரில் ஒரு டாக்டர் செல்வியின் பாதத்தைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். விட்டதும் அது தொங்கியது. “நரம்பு ரொம்ப நேரம் அழுந்திக் கிடந்திருக்கு. எவ்வளவு நேரம் கழிச்சு எடுத்தீங்க?” என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், ஒன்றரை மணி நேரம் என்று. “சீக்கிரம் எடுத்திருந்தா நரம்பு பொழைச்சிருக்கும்மா,” என்றார் டாக்டர், என்னிடமே.

அதற்குப் பிறகு செல்வி நடந்தால் வலது கால்விரல்கள் தரையை இழுக்கும். காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கித் தூக்கி வைப்பாள். சந்தில் ஓட ஆள் இல்லை. நான் ஓட மறுத்துவிட்டேன். பெரியப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போன நாட்களில் கண்ணாடி இல்லாமலே இருந்தார். அந்த நீல டென்ட்டைப் பெரியம்மா மொட்டைமாடியில் மழைக்காலத்தில் விறகின் மேல் மூடினாள்.

அவர் கெட்டவர் இல்லை என்று இன்றைக்கும் பெரியம்மா சொல்வாள். ஒருமுறை என்னிடம் காரணமும் சொன்னாள். பெரியப்பாவுக்குப் பதினோரு வயதில் அவர் அப்பா இறந்திருக்கிறார். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பையன்தானே, எரிவதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டான். அடுத்த மாதம் அவருடைய சின்னத் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். “நீ திரும்பிப் பாத்தே, அதான் அவளையும் கூட்டிக்கினு போய்ட்டாரு” என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு திரும்புவதை விட்டவராம்.

பாவம்தான்.  அந்தப் பையனிடம் அப்படிச் சொன்னவர்கள் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். ஆனால் அந்தப் பையன் வளர்ந்து, அதே மாதிரி ஒரு சின்னப் பெண்ணைக் காட்டி, எல்லாம் இவ வாயி என்று சொன்னானே. தன் மேல் விழுந்த பழி எவ்வளவு சுடும் என்று தெரிந்தவன்தானே அவன்? அதனால் பெரியம்மா சொன்ன காரணம் என் கோபத்தைத் தணிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றித்தான் விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, நுனியில் தோல் பட்டை வைத்து, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி பெரியப்பாவே ஒரு ஜோடிச் செருப்பு செய்து வாங்கி வந்தார். ஒரு நாள் காலை மாடிக்கு ஏறி வந்து செல்வியின் முன்னால் வைத்தார். குனிந்து பட்டையைத் தானே மாட்டிவிட்டார். அவள், “நல்லா இருக்கு பெரியப்பா,” என்றாள். அவர் எழுந்து படியிறங்கிப் போனார். அவள் எழுந்து நாலடி நடந்து காட்டினாள். அந்த மனிதர் இருந்து பார்க்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் பார்த்திருப்பார். செருப்பு அளவு போதவில்லை என்றானதும் வருஷா வருஷம் புதிதாக ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அப்படியே இறங்கிப் போனார். செல்வி அவரை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் சுபாவம் அப்படி. எனக்கு அந்தச் சுபாவம் இல்லை.

அம்மாவிடம் ஒருநாள் சண்டை போட்டிருக்கிறேன். “நாங்க கீழ இறங்கிப் போனதுக்கப்புறம் நீ கத்தியிருக்கலாமே. அவர்தான் போய்ட்டாரே, யாராவது வந்திருப்பாங்களே,” என்றேன்.  “கத்தணும்னு தோணவே இல்லடி,” என்றாள் அம்மா. அப்பாவிடம் நான் எதுவுமே கேட்டதில்லை. அவர் என் கையைப் பிடித்தபடி இறங்கிய அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் நடந்ததில்லை.

செல்வி ஆசிரியர் பயிற்சி முடித்துக் கீழ்வீதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பெரியப்பா இறந்தார். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கியவர் மூன்றாவது வீட்டு முன்னால் விழுந்தார். பெரியம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் தள்ளாடுவதைப் பார்த்தும், விழுகிற வரைக்கும் கூப்பிடவில்லை.

பிள்ளை இல்லாததால் அப்பாதான் கொள்ளி. மத்தியானம் எடுத்தார்கள். மேளம், பூ, பட்டாசு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. முன்னால் கொள்ளிச் சட்டியோடு ஈரவேட்டியில் அப்பா, பின்னால் பாடை, அதற்குப் பின்னால் ஆண்கள். பெண்களுக்குத் தெருமுனையோடு சரி. அதே தெருமுனை. குறுக்குச் சந்து வந்து சேருகிற இடத்தில், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் செல்வி நின்றாள். பெரியப்பா வாங்கிக் கொடுத்த செருப்பை அன்று அவள் போடவில்லை. சாவு வீட்டில் வெறுங்கால்தான். கால்விரல்கள் தரையில் மடங்கிக் கிடந்தன.

பெரிய ரோட்டில் திரும்ப ஒரு லாரிக்காக ஊர்வலம் மெதுவானது. மேளக்காரர்கள் கொஞ்சம் நிறுத்தினார்கள். பாடை எனக்கு முப்பது அடி முன்னால் இருந்தது. நான் யோசித்துச் செய்ததில்லை. பதின்மூன்று வயதில் விழுங்கியது அப்படியே கிடந்திருக்கிறது, அது வந்துவிட்டது.

“பெரியப்பா! செல்வி விழுந்துட்டா!”

எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. பாடை தூக்கியவர்கள் நின்றார்கள். கூட்டம் முழுக்கத் திரும்பியது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, யாரோ என் தோளைப் பிடித்தார்கள். அம்மா தன் கையைத் தூக்கினாள், என் வாய் வரைக்கும் வந்தது, அப்படியே இறக்கிக்கொண்டாள். பாடையில் பெரியப்பா மட்டும் போகிற திசைக்கே காலை நீட்டிக் கிடந்தார்.

அப்பா திரும்பிவிட்டார். சட்டிப் புகை முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டிப் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு செல்வியைத் தேடினார். அவள் முகத்திலிருந்து கீழே அவள் காலுக்குப் போன அவர் பார்வை அங்கேயே நின்றது.

“யோவ், கொள்ளிச் சட்டி வெச்சிருக்கறவரு திரும்பலாமா? நேரா பாருய்யா, நேரா பாரு!” என்று பெரியவர்கள் நாலு பேர் கத்தினார்கள். ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். அப்பா அசையவில்லை.

செல்வி கம்பத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “அப்பா திரும்பிட்டாருக்கா.”